பிறப்பைக் குற்றமாக்கிய சட்டமும் பள்ளிப் பாடமும்

பிரிட்டிஷ் அரசு 1871-இல் வட இந்தியாவில் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் புதிதாக இயற்றப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பட்டியலில் சேர்க்கப்பட்ட சமூகத்தில் பிறந்திருந்தாலே போதும், ஒருவர் கண்காணிப்புக்கு உள்ளாகலாம். பதிவேட்டில் கைரேகை வைத்தவர்கள் வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. இதனால் தமிழக மக்கள் இதை ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள்.

சேலம், நாமக்கல் சமவெளிக்கு இது தூரத்துக் கதை அல்ல. கடற்கரை உப்பைக் கழுதை, மாடுகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவந்து தானியத்துக்கு மாற்றியவர்கள் உப்புக் குறவர்கள். உப்பு அரசின் ஏகபோகமானதும், சரக்கு ரயிலேறியதும் அவர்கள் பிழைப்பைக் குலைத்தன. தொழிலிழந்து அலைந்தவர்களைக் காவல்துறை சந்தேகப் பட்டியலில் ஏற்றியது. சேலம் உப்புக் குறவர், சேலம் மேல்நாடு குறவர், ஆத்தூர் மேல்நாடு குறவர், ஆத்தூர் கீழ்நாடு குறவர் ஆகிய பெயர்கள் தமிழக அரசின் சீர்மரபினர் (குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து பின்னர் விடுவிக்கப்பட்ட சமூகங்கள்) பட்டியலில் இன்றும் உள்ளன.

சட்டத்தின் கடுமையான பிரிவு குழந்தைகள் பற்றியது. ஆறு முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளி, விவசாயப் பள்ளி அல்லது சீர்திருத்தப் பள்ளியில் வைக்க அது அரசுக்கு அதிகாரம் தந்தது. குடும்பங்களைக் குடியமர்த்திய முகாம்கள் சிலவற்றை இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பு நடத்தியது. இன்றைய ஆந்திராவின் ஸ்டூவர்ட்புரம் அவற்றில் ஒன்று. பெற்றோரின் பழக்கம் பிள்ளைக்கு ஒட்டக்கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் வாதம்.

கனடாவிலும் இதே வாதம் எழுந்தது. அங்கே 19-ஆம் நூற்றாண்டிலிருந்து 1990-கள் வரை சுமார் 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகள் உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டார்கள். தாய்மொழியில் பேசியதற்குத் தண்டனையும் கிடைத்தது. 2008-இல் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் 94 பரிந்துரைகளை வெளியிட்டது. பாதிக்கப்பட்டவர்களுடன் கலந்தாலோசித்து இந்த வரலாற்றை எல்லா வகுப்புகளிலும் பாடமாக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

சென்னை மாகாணம் 1947-இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை நீக்கியது. 1952 ஆகஸ்ட் 31-இல் நாடு முழுவதும் அது ஒழிந்தது. ஆனால் வழக்கமான குற்றவாளிகள் சட்டங்கள் அதன் இடத்துக்கு வந்தன. கனடாவைப் போல உண்மை ஆணையம் எதுவும் இங்கு அமையவில்லை. சிறை விதிகளில் சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் பழைய எண்ணம் நீடித்ததை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில்தான் கண்டித்தது.

வகுப்பில் இதை மூன்று படிகளில் சொல்லலாம். முதலில் சட்டத்தின் வாசகம்: செயலுக்குத் தண்டனை தரும் சட்டத்துக்கும் பிறப்புக்குத் தண்டனை தரும் சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு மாணவருக்குப் புரிய வேண்டும். அடுத்தது உள்ளூர்ப் பொருளாதாரம்: உப்பு வணிகமும் ரயிலும் ஒரு சமூகத்தின் வாழ்வை எப்படி மாற்றின என்பது. மூன்றாவது இன்றைய நிலை. கொல்லிமலை, ஏற்காடு மலைகளில் இன்று இயங்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் கல்வி எட்டாத ஊர்ப் பிள்ளைகளுக்காக ஏற்பட்டவை. அவற்றைக் கட்டாயப் பிரிப்புப் பள்ளிகளோடு குழப்பக் கூடாது.

சீர்மரபினர் சமூகங்களைச் சேர்ந்த பிள்ளைகள் அதே வகுப்பில் அமர்ந்திருக்கலாம். அவர்களில் யாரையும் எழுப்பி நிறுத்தி உதாரணமாக்கக் கூடாது. பெரியவர்களின் நினைவுகளை அவர்கள் சம்மதத்தோடு மட்டுமே பதிவு செய்ய வேண்டும். பாடம் விசாரிக்க வேண்டியது சட்டத்தை எழுதியவர்களின் காரணங்களையே.