விசுவாசமும் கிரியையும்

கிறிஸ்து மதத்தார் வீடுபேற்றை இரட்சிப்பு என்ப. அது விசுவாசம் ஒன்றானே எய்தப்படுமோ, நற்கிரியையும் உடன் வேண்டப்படுமோ என்பது அம்மதத்தாரை இருதிறப்படுத்திய வினாவாம்.

ஜெர்மனி தேயத்து அகுஸ்தீன் சபைத் துறவியாகிய மார்ட்டின் லூத்தர், நோன்பும் கண்விழிப்பும் வழுவாது இயற்றியும், தாம் செய்தன போதுமோ என்னும் அச்சம் நீங்கப்பெற்றிலர். உரோமருக்குப் பவுல் வரைந்த நிருபத்தை ஆராய்ந்துழி, நீதியென்பது விசுவாசத்தாற் பெறப்படும் கொடையே எனத் தெளிந்தனர். 1522-இல் வெளியிட்ட ஜெர்மானிய மொழிபெயர்ப்பில், அந்நிருபத்து மூன்றாம் அதிகாரத்தே, மூலத்தில் இல்லாத ‘மாத்திரம்’ என்னுஞ் சொல்லையும் பெய்தனர். பொருள் விளங்கவே பெய்ததென்பது 1530-இல் அவர் கூறிய விடை.

அற்றேல், கிரியையற்ற விசுவாசத்தை உயிரற்றதென விலக்கும் யாக்கோபு நிருபத்தோடு இது முரணாதோ எனின், முரணாதென்ப லூத்தர் வழியினர். பவுல் மறுத்தது கிரியை ஏதுவாதலை. யாக்கோபு கடிந்தது வாயளவில் நிற்கும் உடன்பாட்டை. நன்மரத்தினின்றே நற்கனி தோன்றும். கனி மரத்தை நன்மரமாக்காது. அதுபோலக் கிரியை விசுவாசத்தின் பயனாம்; இரட்சிப்புக்குக் காரணமாகாது.

கத்தோலிக்கரது திரெந்து சங்கம் 1547-இல் இதனை மறுத்தது. முதற்கண் வரும் அருள் எவர் தகுதிக்கும் ஈடாக வருவதன்று என அச்சங்கமும் உடன்படும். ஆயினும், அவ்வருள்வழி நிகழும் நற்கிரியை பயன் மாத்திரமன்று, பெற்ற நீதியை வளர்க்கும் ஏதுவுமாம் என்பது அதன் துணிபு.

450 ஆண்டின் மேலாகியபின், 1999-இல் ஆகஸ்பர்க்கு நகரில் இருதிறத்தாரும் கூட்டறிக்கையிற் கையொப்பமிட்டனர். கடவுள் மனிதரை ஏற்பது அருளினாலேயாம். ஏற்கப்பட்டார்மாட்டு நற்கிரியை தோன்றும் என்பது அதன் பொருள். ஆகலின், ‘விசுவாசம் மாத்திரம்’ என்றார் விலக்கியன, செய்தேம் என்னுஞ் செருக்கும் போதாதென்னும் அச்சமுமே. நற்செய்கையை அவர் விலக்கிற்றிலர் என்க.