சீப்பில் வரும் முடி: உடைகிறதா, உதிர்கிறதா?

வடக்கு, கிழக்கிலிருந்து கொழும்புக்கு வந்து பொரளையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் தங்கும் பெண்கள் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு ஒன்று உண்டு. "கொழும்புத் தண்ணி ஒத்துவரேல்லை, தலைமயிர் கொட்டுது." உடனே எண்ணெய் மாறும், ஷாம்பு மாறும், வெளிநாட்டு உறவினர் அனுப்பிய காசில் ஒரு பகுதி விளம்பரப் போத்தல்களுக்குப் போகும். ஆனால் பல வேளைகளில் காரணம் தண்ணீரில் இல்லை. யாழ். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் கிணற்று நீர்தான் கடின நீர். அது முடியைச் சொரசொரப்பாக்கும். கொழும்புக் குழாய்நீர் அதைவிட மென்மையானது.

முதலில் செய்யவேண்டியது, சீப்பில் வந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. ஒரு நுனியில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. குமிழ் இல்லாமல் குட்டையாக இருந்தால் இடையில் உடைந்த முடி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

உடையும் முடி

தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. உடைந்தால் அது தானாக ஒட்டாது. ஆகவே உடையாமல் காப்பதுதான் ஒரே வழி.

ஈரமான முடி இழுபடும், இலகுவில் அறும். முழுகியதும் துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஓரளவு காய்ந்தபின், பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து தொடங்குங்கள். நுனிச் சிக்கு எடுபட்டபின் நடுப்பகுதி, கடைசியாக உச்சியிலிருந்து கீழ்வரை. உச்சியிலிருந்து ஒரேயடியாக இழுத்தால் சிக்குகள் எல்லாம் கீழே ஒன்றாகி இறுகும். சிக்கு எடுக்கும்போது அதற்கு மேலே முடியை மறுகையால் பிடித்துக்கொண்டால் வேர் இழுபடாது. சிறு பிள்ளைகளுக்குத் தலை இழுக்கும்போது இது மிகவும் உதவும்.

இரவில் நூறு தடவை வாரினால் முடி வளரும் என்பது உண்மையல்ல. அளவுக்கு மிஞ்சிய வாருதல் முடியின் மேற்படையைத் தேய்க்கும். சிக்கு எடுபடும் அளவுக்கு வாரினால் போதும். பள்ளிக்கூடத்துக்கு இறுக்கிப் போடும் இரட்டைப் பின்னல் நெற்றியோரத்து முடியை ஆண்டுக்கணக்கில் இழுத்து, அந்த இடத்தை வெறுமையாக்கலாம். சற்றுத் தளர்த்திப் பின்னுங்கள்.

உதிரும் முடி

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிவரை உதிர்வது இயல்பு. கைநிறைய வந்தால், அண்மைய நாட்களை அல்ல, இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னர் நடந்ததை நினைத்துப் பாருங்கள். டெங்குக் காய்ச்சல், மகப்பேறு, சத்திரசிகிச்சை, பட்டினி, பேரிழப்பு, இடப்பெயர்வு ஆகிய எதுவும் பெருந்தொகையான முடிகளை ஒரே நேரத்தில் ஓய்வுநிலைக்குத் தள்ளிவிடும். அவை சில மாதங்கள் கழித்தே விழும். அதனால்தான் ஊரைவிட்டு வந்த துயரின் விளைவு கொழும்புக்கு வந்தபின் சீப்பில் தெரிகிறது. பழி தண்ணீருக்குப் போகிறது. இப்படி உதிர்ந்த முடி பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் மீளத் தொடங்கும்.

இரும்புச்சத்துக் குறைவும் தைரொயிட் நோயும் அடுத்த முக்கிய காரணங்கள். களைப்பு, மூச்சு வாங்குதல், மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு என்பன கூடவே இருந்தால் எண்ணெயை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பொரளைக்குப் பக்கத்திலுள்ள தேசிய வைத்தியசாலையின் தோல்நோய்ப் பிரிவிலோ, உங்கள் ஊர் அரச வைத்தியசாலையிலோ இலவசமாகக் காட்டலாம். பயறு, கீரை, நெத்தலி, முட்டை ஆகியவற்றைச் சாப்பாட்டில் சேருங்கள். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணிநேரம் பொறுத்துக் குடியுங்கள்.

பேனும் சீப்பும்

2009இல் செட்டிக்குளம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் தண்ணீர்த் தட்டுப்பாட்டுடன் நெருக்கமாக அடைபட்டிருந்தனர். அப்படிப்பட்ட நெருக்கத்தில் பேன் தலைக்குத் தலை தொற்றும். அது அழுக்கின் அடையாளமல்ல, வெட்கப்பட வேண்டியதுமல்ல. பேன் பறக்காது, பாயாது; தலைகள் முட்டும்போதுதான் பரவும். முடியை ஈரமாக்கி, எண்ணெயோ கண்டிஷனரோ பூசி, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாருங்கள். ஈர் பொரிக்க ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும் என்பதால், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை இரண்டு வாரங்களாவது செய்யவேண்டும். வீட்டிலுள்ள எல்லோரின் தலையையும் ஒரே நாளில் பாருங்கள். மண்ணெண்ணெய் பூசவே வேண்டாம். அது தோலை எரிக்கும், தீப்பிடித்தால் உயிருக்கே ஆபத்து.

வட்டவட்டமாக முடி கொட்டினால், உச்சந்தலையில் புண்ணோ செதிலோ கண்டால், ஆறு மாதங்களுக்குப் பிறகும் உதிர்வு நிற்காவிட்டால் வைத்தியரிடம் போவதே சரி. போகும்போது கடந்த ஆறு மாதங்களில் உங்களுக்கு வந்த காய்ச்சலையும், விட்ட சாப்பாட்டையும், பட்ட துயரையும் மறைக்காமல் சொல்லுங்கள். தலைமுடிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நினைக்க வேண்டாம்; வைத்தியர் முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.