மொறிஸ் மைனர் காரை வீட்டில் சீரமைத்தல்

மொறிஸ் மைனர் காரை வீட்டில் சீரமைத்தல் என்பது, இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை உற்பத்தி செய்யப்பட்ட இச்சிறு குடும்பக் காரை உரிமையாளரே பழுதுபார்த்து ஓடும் நிலையில் வைத்திருப்பதைக் குறிக்கும். கணினிக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத கார் என்பதால், இதன் பெரும்பாலான பழுதுகளைச் சாதாரண கருவிகளைக் கொண்டே கண்டறிந்து சரிசெய்யலாம். ஆயினும், சில பாகங்களில் ஏற்படும் பழுது உயிராபத்தை விளைவிக்கக்கூடியது. எனவே எதை முதலில் பார்க்க வேண்டும், எதை வீட்டில் செய்யக்கூடாது என்பதை அறிந்திருப்பது வேலை தெரிந்திருப்பதைப் போலவே முக்கியமானது. இக்கட்டுரை 1956 இல் அறிமுகமான மைனர் 1000 வகையை அடிப்படையாகக் கொண்டது.

பின்னணி

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னர் 1959 இல் வெளிவந்த மினி காரையும் இவரே வடிவமைத்தார். மைனர் 1948 ஒக்டோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. மொத்தம் 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் உற்பத்தியாகின. தொடக்கத்தில் 918 கன சென்ரிமீற்றர் எஞ்சினும், 1952 இலிருந்து 803, 1956 இலிருந்து 948, 1962 இலிருந்து 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின்களும் பொருத்தப்பட்டன. கடைசி மூன்றும் "ஏ" வரிசை எஞ்சின்கள் எனப்படுகின்றன.

இலங்கையில் ஆசிரியர், எழுதுவினைஞர், வைத்தியர் எனப் பலரின் முதற் காராக மைனர் இருந்தது. யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிய ஓஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ் கார்களுடன் மைனரும் பல பத்தாண்டுகள் தெருவில் நின்றுபிடித்தது. 1990களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடையால் அங்கு பெற்றோல் கிடைக்காதபோது, காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைத் தொடக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டும் முறை வழக்கத்துக்கு வந்தது. மண்ணெண்ணெய் முழுமையாக எரியாமல் எஞ்சின் ஒயிலுடன் கலந்து அதை நீர்க்கச் செய்வதால் பேரிங்குகள் விரைவில் தேய்ந்தன. வால்வுகளில் கரி படிந்தது. அவ்வாறு ஓடிய எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டியே அக்காலத்துப் பலர் இவ்வேலையைக் கற்றனர்.

2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை இடைநிறுத்தியது. தனியார் வாகனங்களின் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலை பெரிதும் உயர்ந்தது. வீட்டிலிருக்கும் பழைய காரை ஓடவைப்பது பல குடும்பங்களுக்குப் பொழுதுபோக்காக அன்றித் தேவையாகவே இருந்தது.

வேலையின் ஒழுங்கு

பழைய கார் ஒன்று நின்று நின்று ஓடும்போது எஞ்சினைத் திருத்துவதிலேயே பெரும்பாலானோர் தொடங்குகின்றனர். இது தவறான ஒழுங்கு ஆகும். எஞ்சின் நின்றால் கார் நிற்கும். பிறேக் விட்டால் கார் நிற்காது. ஆகவே கீழ்வரும் ஒழுங்கு பொருத்தமானது:

1. உடற்கூட்டின் துரு
2. முன் சில்லுகளின் தாங்கிகளும் ஸ்ரியறிங்கும்
3. பிறேக்
4. மின்சுற்று
5. எஞ்சின்
6. வர்ணமும் இருக்கைகளும்

காரை உயர்த்தும்போது ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்கக்கூடாது. இரும்புத் தாங்கிகளை வைத்து, மறு சில்லுகளுக்குக் கட்டை கொடுத்த பின்னரே காருக்கு அடியில் செல்ல வேண்டும். செங்கல், சீமெந்துக் கல் ஆகியன பாரத்தில் திடீரென உடைவதால் அவற்றைத் தாங்கியாகப் பயன்படுத்தக்கூடாது.

உடற்கூடும் துருவும்

மைனருக்கு முழு நீளத் தனிச் சட்டகம் கிடையாது. தரைத்தகடு, பக்கக் கீழ்ப்பெட்டிகள், குறுக்குச் சட்டம் ஆகியன சேர்ந்தே காரின் பாரத்தைத் தாங்குகின்றன. எனவே துரு என்பது இங்கு அழகு சார்ந்த குறை மட்டுமன்று. பின் வில்லுத்தகடுகள் பொருந்தும் இடம், கதவுகளுக்குக் கீழுள்ள பெட்டிகள், முன் இருக்கைக்குக் கீழுள்ள குறுக்குச் சட்டம், எஞ்சினைத் தாங்கும் முன் கால்கள் ஆகியவற்றைத் திருப்புளியின் பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு கணீரென ஒலிக்கும். உக்கிய தகடு மந்தமாக ஒலிக்கும், அழுத்தினால் பொத்துக்கொள்ளும்.

இவ்விடங்களில் பசையும் வர்ணமும் பூசி ஓட்டையை மறைப்பது ஆபத்தானது. உக்கிய பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதே சரியான திருத்தமாகும். இதைத் தேர்ந்த ரிங்கர் வேலைக்காரரிடம் விட வேண்டும். கதவுகளைக் கழற்றும் முன்பும் வெட்டும் முன்பும் உடலுக்கு உள்ளே முட்டுக் கொடுக்காவிட்டால், கூடு தொய்ந்து கதவுகள் மீண்டும் பொருந்தாமல் போகும். டிரவலர் எனப்படும் வகையின் பின்பகுதி மரச்சட்டத்தாலானது. அந்த மரமும் பாரம் தாங்கும் பகுதியே என்பதால், அது உக்கியிருந்தால் தச்சு வேலையும் தேவைப்படும்.

முன் சில்லுத் தாங்கி

மைனரின் நன்கறியப்பட்ட பலவீனம் இதுவாகும். ஒவ்வொரு முன் சில்லையும் தாங்கும் கிங்பின்னின் இரு முனைகளிலும் புரியுள்ள திருகுகூடுகள் உள்ளன. சில்லு திரும்பும்போது இப்புரிகள் ஒன்றன்மீது ஒன்று உராய்கின்றன. கிறீஸ் இல்லாவிட்டால் புரி தேய்ந்து, ஒரு நாள் கீழ்க்கூட்டிலிருந்து கிங்பின் கழன்றுவிடும். அப்போது சில்லு காருக்கு அடியில் மடங்கிவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதே இது நிகழ்கிறது. வேகமாகச் செல்லும்போதும் நிகழலாம்.

இதைத் தடுக்கத் தேவையானது ஒரு கிறீஸ் துப்பாக்கி மட்டுமே. ஏறத்தாழ 1,600 கிலோமீற்றருக்கு ஒருமுறை கிறீஸ் முலைகளைத் துடைத்து, பழைய கிறீஸ் வெளியேறிப் புதியது தெரியும் வரை அடிக்க வேண்டும். சில்லைத் தரையிலிருந்து உயர்த்தி அடித்தால் கிறீஸ் பாரம் விழும் பக்கத்துக்கும் செல்லும். கிறீஸ் ஏறாவிட்டால் முலை அடைபட்டுள்ளது. அதை மாற்ற வேண்டும். பின்னர் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டியும், நெம்புகோலால் உயர்த்தியும் பார்க்க வேண்டும். தெளிவாக உணரக்கூடிய ஆட்டம் இருந்தால் காரை ஓட்டாமல் நிறுத்தி உதிரியை மாற்ற வேண்டும்.

பிறேக்

நான்கு சில்லுகளிலும் ட்ரம் பிறேக்குகளே உள்ளன. திரவக் குழாய்ச் சுற்று ஒன்றே ஆகும். எங்காவது ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கு சில்லுகளின் பிறேக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். மிஞ்சுவது கைப்பிறேக் மட்டுமே. இதனால் துருப்பிடித்த குழாய்களையும் வெடிப்புள்ள இறப்பர்க் குழாய்களையும் "இன்னும் கொஞ்ச நாள்" என விட்டுவைக்கக்கூடாது.

ஒவ்வொரு முன் சில்லிலும் இரண்டு சிலிண்டர்கள் உள்ளன. அவற்றைச் சரிசெய்யும் திருகுகளும் இரண்டு. பின் சில்லுக்குத் திருகு ஒன்று. சில்லைக் கழற்றி, ட்ரம்மிலுள்ள துளையின் வழியே திருகை ட்ரம் இறுகும் வரை திருப்பி, பின் அது தடையின்றிச் சுழலும் வகையில் ஒரு படி பின்னோக்கி விட வேண்டும். மிதி பாதித் தூரம் இறங்கிய பின்னரே பிடிக்கும் குறை பெரும்பாலும் இதனாலேயே தீரும்.

மிதி பஞ்சுபோல் இருந்தால் குழாயில் காற்று உள்ளது. மாஸ்ரர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சில்லில் தொடங்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றுவது நல்லது. சிலிண்டர்களின் இறப்பர்களைப் பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவக்கூடாது. அவை ஊதிப் பழுதாகிவிடும். பழைய பிறேக் பட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். எனவே தூசியைக் காற்றால் ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து அகற்ற வேண்டும்.

மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தரைக்குக் கீழே, சட்டத்தின் உள்ளே மறைந்துள்ளது. இதன் மூடி கண்ணில் படாததால் திரவத்தின் அளவைப் பார்க்கப் பலர் மறந்துவிடுகின்றனர். இதைக் கழற்ற, முறுக்கப்பட்ட நிலையிலுள்ள முன் வில்லுக் கம்பியைத் தளர்த்த வேண்டியிருக்கும். பெரும் விசையுடன் விடுபடக்கூடியது என்பதால், முன் அனுபவம் இல்லாதவர் இதைச் செய்யக்கூடாது.

மின்சுற்று

மைனரில் பற்றறியின் நேர்முனையே உடற்கூட்டுடன் இணைக்கப்பட்டுள்ளது. இன்றைய கார்களுக்கு இது நேரெதிரானது. மாறிப் பூட்டினால் புதிதாகப் பொருத்திய வானொலி போன்ற கருவிகள் எரிந்துபோகும். காரில் இரண்டு பியூஸ்களே உள்ளன. முன் விளக்குகளும் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் சுற்றும் பியூஸ் இன்றியே இயங்குகின்றன. இவ்வயர்களின் உறை உரிந்து தகட்டில் பட்டால் தீப்பற்றலாம். ஆகவே உறை உக்கிய வயர்களை மாற்றுவதும், பற்றறியைத் துண்டிக்கும் ஆளி ஒன்றைப் பொருத்துவதும் பயனுள்ள முதற் செலவுகளாகும். மங்கலான விளக்கு, சோர்ந்த ஸ்ராட்டர் ஆகியவற்றுக்குப் பல வேளைகளில் காரணம் பற்றறி அன்று. எஞ்சினையும் உடற்கூட்டையும் இணைக்கும் தடித்த பட்டி துருப்பிடித்திருப்பதே.

எஞ்சின் நின்றுபோதல்

வழியில் எஞ்சின் நின்றால், காரணம் பெற்றோலா தீப்பொறியா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

எரிபொருள்: சாவியைத் திருப்பியதும் எஞ்சின் அறையிலுள்ள எஸ்.யு. மின் பம்பியின் "டிக் டிக்" ஒலியைக் கேட்க வேண்டும். சில தடவை ஒலித்து நின்றால் பம்பி நலம். ஒலியே இல்லாவிட்டால் அதன் பொயின்ற்கள் கருகியிருக்கலாம். ஸ்பானர் பிடியால் மெல்லத் தட்டினால் தற்காலிகமாக இயங்கும். இடைவிடாது ஒலித்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது குழாயில் காற்றுப் புகுகிறது. காபரேற்றரின் உள்ளிருக்கும் பிஸ்டனை உயர்த்தி விட்டால் அது தடையின்றி விழுந்து "டக்" என ஒலிக்க வேண்டும்.

தீப்பொறி: டிஸ்ரிபியூட்டரின் பொயின்ற் இடைவெளி 0.36 முதல் 0.40 மில்லிமீற்றர், பிளக்கின் இடைவெளி 0.64 மில்லிமீற்றர். பொயின்ற்கள் அடிக்கடி கருகினால் கொண்டென்சரை மாற்ற வேண்டும். பிளக் வயர்களைக் கழற்றும் முன் அடையாளமிட வேண்டும். எரியும் ஒழுங்கு 1, 3, 4, 2 ஆகும். டிஸ்ரிபியூட்டரின் சுழலி இடஞ்சுழியாகத் திரும்பும்.

வால்வு இடைவெளி: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.30 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். எட்டு வால்வுகளையும் முன்னிருந்து எண்ணி, "ஒன்பது விதி"யைக் கையாள்வது எளிது: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதையும், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதையும் சரிசெய்ய வேண்டும். திறந்திருப்பதன் எண்ணும் சரிசெய்வதன் எண்ணும் எப்போதும் ஒன்பதாகும். எஞ்சினைச் சுழற்றக் காருடன் வந்த கைப்பிடிக் கம்பி போதும்.

இவ்வெஞ்சின்கள் ஈயம் கலந்த பெற்றோலுக்காக அமைக்கப்பட்டவை. ஈயமற்ற பெற்றோலில் நீண்ட தூரம் ஓடும்போது வெளியேற்று வால்வின் இருக்கை தேய்ந்து இடைவெளி குறைந்துகொண்டே வரும். அடிக்கடி அவ்வாறு குறைந்தால், லேத் பட்டறையில் கடினமான இருக்கை வளையங்களைப் பொருத்துவதே நிலையான தீர்வு.

சூடேறுதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புப் பாறையினூடாக வருவதால் கடினத்தன்மை கூடியது. கேத்திலில் படியும் அதே வெண்படிவு றேடியேற்றரின் நுண்குழாய்களிலும் படிந்து நீரோட்டத்தைத் தடுக்கிறது. எனவே கிணற்று நீரை விடாமல், காய்ச்சி வடித்த நீரையோ சுத்தமாகச் சேகரித்த மழைநீரையோ துருத்தடுப்புத் திரவத்துடன் கலந்து பயன்படுத்த வேண்டும். சூடான நிலையில் மூடியைத் திறக்கக்கூடாது.

உதிரிகளும் பதிவேடும்

மைனருக்கான உதிரிகள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. இங்கிலாந்தின் பாத் நகரில் இயங்கிய மைனர் நிலையம் ஒன்றுக்காக இலங்கையிலேயே உடற்தகடுகளும் உதிரிகளும் செய்து அனுப்பப்பட்டதும் உண்டு. வாங்கும் உதிரி தன் காரின் எஞ்சின் அளவுக்கும் ஆண்டுக்கும் உரியதா என்பதைப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 948, 1098 கார்களின் முன் பிறேக் ட்ரம்கள் அளவில் வேறுபட்டவை.

செய்த வேலை, நாள், ஓடிய தூரம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிவருவது மிகவும் பயன்தரும். நம்பமுடியாத கார் எனப்படுவது பெரும்பாலும் கடைசியாக எப்போது, எது பார்க்கப்பட்டது என்று எவருக்கும் தெரியாத காரே ஆகும். கார் ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குச் செல்லும்போது, சாவியுடன் கைமாற வேண்டியது இந்தக் கொப்பியும்தான்.