அறுவை அரங்கில் பணி இடையீடும் நோயாளர் பாதுகாப்பும்: கொல்லிமலைப் பின்னணியில் ஒரு நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

அறுவை சிகிச்சையின்போது நேரும் இடையீடுகள் பிழைக்குக் காரணமாகின்றன என்பதை மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் இடையீடுகள் அனைத்தும் விலக்கத்தக்கன அல்ல. மலைப்பகுதியிலிருந்து வரும் அவசர அழைப்பு, மேசைமேல் உள்ள நோயாளருக்கு இடையூறாகவும் வழியில் உள்ள நோயாளருக்கு உயிர்காப்பாகவும் அமைகின்றது. இம்முரணைக் கொல்லிமலையை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: அறுவை அரங்கு, இடையீடு, நோயாளர் பாதுகாப்பு, கவனகம், கொல்லிமலை

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக விளங்குவது கொல்லிமலை. மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் இங்குப் பெரும்பான்மையினர். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. செம்மேட்டில் அரசு மருத்துவமனை உண்டு. அங்குக் கையாள இயலாத சிக்கலான நோயாளர் நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ இவ்வளைவுகள் வழியே இறக்கப்பட வேண்டும். அவர் புறப்படுமுன் கீழேயுள்ள மருத்துவமனைக்கு ஓர் அழைப்புச் செல்கின்றது. அவ்வழைப்பை ஏற்க வேண்டிய மருத்துவர் அவ்வேளையில் வேறொருவருக்கு அறுவை செய்துகொண்டிருக்கக்கூடும். இக்கட்டுரையின் சிக்கல் இங்குத் தொடங்குகின்றது.

இடையீடும் பிழையும்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பயிற்சி அறுவை மருத்துவர் 18 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்று 2012இல் வெளியானது. பித்தப்பை அகற்றும் அறுவையை அவர்கள் போலிச்செயற்கருவியில் இருமுறை செய்தனர். இடையூறு இல்லாத முறையில் ஒருவர் மட்டுமே பெரும்பிழை செய்தார். கைபேசி ஒலி, தட்டு விழும் ஓசை, பக்கத்தில் நிகழும் பேச்சு, நேரடி வினா ஆகியன புகுத்தப்பட்டபோது எண்மர் பிழை செய்தனர். இவற்றுள் மிகுதியும் கெடுத்தது ஓசையன்று, வினாவே. ஓசையைச் செவி ஒதுக்கிவிடும். வினாவோ விடையைக் கோருவதால், கை செய்துகொண்டிருந்ததை மனம் விட்டுவிட நேர்கின்றது. பங்கேற்றோர் தொடக்க நிலையினர் என்பதையும் கருதவேண்டும். எனினும் அரசு மருத்துவமனைகளில் இரவுப்பணியின் சுமையைப் பெரிதும் தாங்குவோர் இளையோரே.

பல செயல்களில் ஒருசேரக் கருத்தூன்றும் ஆற்றலைத் தமிழ் மரபு கவனகம் என வளர்த்தது. 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா அரங்கில் நூறு கவனகம் நிகழ்த்திச் சதாவதானி எனப் புகழ்பெற்றார் செய்குத்தம்பிப் பாவலர். இதனைச் சான்றாகக் காட்டி, ‘பழகினால் எவ்விடையூற்றையும் வெல்லலாம்’ எனப் பணியாளருக்கு அறிவுரை கூறுவோர் உளர். அவ்வறிவுரை பொருந்தாது. கவனகர்க்கு இடையீடே நிகழ்ச்சி; அதனை எதிர்பார்த்தே அவர் அமர்கின்றார். பிழைத்தாலும் அவையில் ஒரு சிரிப்பெழும், அவ்வளவே. அரிதின் வாய்க்கும் தனித்திறனை நம்பி ஒரு மருத்துவமனை இயங்க இயலாது.

வானூர்தி உவமையின் எல்லை

1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சார்லட் நகரருகே தரையிறங்கவிருந்த வானூர்தி ஒன்று வீழ்ந்தது. விமானிகள் அரசியலும் பழைய மகிழுந்து விற்பனையும் பேசிக்கொண்டிருந்தமை விசாரணையில் தெரியவந்தது. இத்தகைய நிகழ்வுகளின் விளைவாக 1981இல் அந்நாட்டு வான்போக்குவரத்துத் துறை, 10,000 அடிக்குக் கீழே பறக்கையில் தேவையற்ற பேச்சையும் செயலையும் தடைசெய்தது. அறுவை அரங்குக்கும் இவ்விதியைக் கொணரவேண்டும் என்னும் கருத்துப் பலமுறை முன்வைக்கப்பட்டுள்ளது.

இங்கு ஒரு வேறுபாடு புறக்கணிக்கப்படுகின்றது. வானூர்தியில் இரு விமானிகளுக்கும் இடர்மிக்க நேரம் ஒன்றே. அறுவை அரங்கில் அவ்வாறில்லை. மயக்கவியல் மருத்துவருக்கு நோயாளரை மயக்கத்தில் ஆழ்த்தும் பொழுதும் மீட்கும் பொழுதும் இடர்மிக்கவை. அறுவை மருத்துவருக்கு நடுப்பகுதி. காயத்தைத் தைக்கத் தொடங்கியதும் அவர் இளைப்பாறுகின்றார், பேச்சு எழுகின்றது. அதே பொழுதில் செவிலியர் பஞ்சுத்துணிகளையும் கருவிகளையும் எண்ணுகின்றார். சற்றுப் பின்னர் மயக்கவியல் மருத்துவர் நோயாளரை எழுப்ப முற்படுகின்றார். ஒருவருடைய ஓய்வு மற்றொருவருடைய உச்சப்பணியின்மேல் விழுகின்றது. எண்ணிக்கை பாதியில் தடைப்பட்டால் விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து எண்ணுவதே காப்பு. வயிற்றினுள் தங்கிய ஒரு துணி மறு அறுவையைக் கட்டாயமாக்கும். மலையூரிலிருந்து வந்தவர்க்கு அது மறுபடியும் ஒரு மலைப்பயணம், மறுபடியும் கூலியிழப்பு.

உலக நலவாழ்வு நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை இந்நோக்கில் காண்பது பயன்தரும். மயக்கத்திற்கு முன், தோலைக் கீறுமுன், நோயாளர் அரங்கைவிட்டு நீங்குமுன் என மூன்றிடங்களில் அது பணியை நிறுத்துகின்றது. அதாவது, பட்டியலும் ஓர் இடையீடே. ஆனால் இடமும் காலமும் முன்கூட்டி வரையறுக்கப்பட்ட இடையீடு. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதனை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவின்படி, இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும் குறைந்தன.

மலையிலிருந்து வரும் அழைப்பு

கைபேசியை அரங்கில் முற்றாகத் தடைசெய்வது எளிய தீர்வாகத் தோன்றும். சமவெளியின் பெருமருத்துவமனைகளில் அது இயலலாம். அங்கு அழைப்பை ஏற்க வேறு மருத்துவர் உளர். நிபுணர் ஓரிருவரே உள்ள இடத்தில் தடை என்பது மலையிலுள்ள நோயாளரைக் கைவிடுவதாக முடியும். எனவே அழைப்பு வரலாமா என்பதைவிட, அது எவரிடம் வரவேண்டும் என்பதே வினா. மருத்துவரின் சொந்தக் கைபேசிக்கு வரும் அழைப்பு அரங்கினுள் நேரே நுழைந்துவிடுகின்றது. பணிமருத்துவர் அல்லது பொறுப்புச் செவிலியரின் மேசைக்கு வருமாயின் அங்கே வடிகட்டப்படும்.

அழைப்பின் உள்ளடக்கத்தை நோக்கினால் இது மேலும் தெளிவாகும். குருதிப்போக்குடன் ஒரு கர்ப்பிணி செம்மேட்டிலிருந்து அனுப்பப்படுகின்றார் எனக் கொள்வோம். அவருடைய குருதிவகை, மேசை ஆயத்தம், குருதி இருப்பு ஆகியவற்றுக்கு அறுவை மருத்துவரின் விடை தேவையில்லை. அவரே விடையளிக்க வேண்டியது ஒன்றுதான்: இங்கு இறக்குவதா, நேரே சேலத்துக்குக் கொண்டுசெல்வதா. அவ்வொன்றையும் கை ஓயும் தறுவாயில், ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்னும் விடைக்கேற்ற ஒரே தொடரில் கேட்கலாம். ஏனைய செய்திகளைத் தாளில் குறித்து அடுத்த நிறுத்தத்தில் சொன்னால் போதும். 108 ஊர்தி 70 வளைவுகளையும் இறங்கி அடிவாரம் சேரும்வரை அதற்கு நேரம் இருக்கின்றது.