துண்டுக்குள்ளே விலை பேசலாமா?

மாட்டுச் சந்தையிலே ஒரு வழக்கம் உண்டு. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையின்மேல் போடுவார். துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். எவ்வளவுக்குப் பேசி முடித்தார்கள் என்பது சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. வாங்குகிறவர் தம் மடியிலுள்ள பணத்தைக் கொடுத்து வாங்குகிறார். லாபமானாலும் நட்டமானாலும் அவரோடு போயிற்று!

ஆனால், அரசாங்கம் வாங்கும்போது? அது மக்களின் பணமல்லவா? அங்கேயும் துண்டு போட்டு விலை பேசலாமா? "இது ராணுவ விஷயம், நாட்டின் பாதுகாப்பு விஷயம், கேள்வி கேட்காதே" என்று அதிகாரிகள் சொல்லிவிட்டால், வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டியதுதானா?

ராணுவத்துக்கு உலகிலேயே அதிகமாகச் செலவிடும் அமெரிக்காவில், 2008-ம் ஆண்டில் நடந்த ஒரு தகராறு இந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது.

விஷயம் இதுதான். பறந்துகொண்டிருக்கும் போர் விமானங்களுக்கு ஆகாயத்திலேயே எரிபொருள் ஊட்டவும், துருப்புகளையும் சரக்குகளையும் ஏற்றிச் செல்லவும் அமெரிக்க விமானப்படைக்கு 179 புதிய விமானங்கள் தேவைப்பட்டன. 1957-ல் படையில் சேரத் தொடங்கிய கே.சி. 135 விமானங்கள் கிழடு தட்டிப் போயிருந்தன. டெண்டர் கோரப்பட்டது. போட்டியில் நின்றவர்கள் இருவர். ஒருவர் போயிங் கம்பெனி. மற்றொருவர், ஐரோப்பாவின் ஈ.ஏ.டி.எஸ். கம்பெனியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்ட நார்த்ரப் கிரம்மன். 2008 பிப்ரவரி 29-ந் தேதி, ஒப்பந்தம் நார்த்ரப்புக்கே என்று விமானப்படை அறிவித்தது. தொகை எவ்வளவு தெரியுமா? சுமார் 3,500 கோடி டாலர்!

தோற்ற போயிங் சும்மா இருக்கவில்லை. மார்ச் 11-ந் தேதி, கணக்குப் பொறுப்பு அலுவலகத்தில் முறையிட்டது. இந்த அலுவலகம் ராணுவ இலாகாவுக்குக் கட்டுப்பட்டதல்ல, ஜனாதிபதிக்கும் கட்டுப்பட்டதல்ல. அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரசுக்குப் பதில் சொல்லும் அலுவலகம். முறையீடு வந்தால் 100 நாட்களுக்குள் முடிவு கூற வேண்டும் என்பது அதன் விதி. ஜூன் 18-ந் தேதி முடிவு வந்தது. போயிங் சொன்ன புகார்கள் எல்லாவற்றையும் அது ஏற்கவில்லை. பலவற்றைத் தள்ளிவிட்டது. ஆனால், ஏற்றுக்கொண்ட சில புகார்களே விமானப்படையின் தீர்ப்பைக் கவிழ்க்கப் போதுமானவையாக இருந்தன.

அவை என்ன? சற்றுப் பாருங்கள்.

எரிபொருள் ஊட்டும் திறனுக்கு ஓர் உச்ச அளவு குறித்து, "இந்த அளவைத் தாண்டினால் தனி மதிப்புக் கிடையாது" என்று டெண்டரில் எழுதியிருந்தார்கள். மதிப்பிடும்போதோ, தாண்டிய நார்த்ரப்புக்குத் தனி மதிப்புக் கொடுத்துவிட்டார்கள். பத்து மூட்டைக்கு மேல் ஏற்றுவதற்குக் கூடுதல் மதிப்பில்லை என்று தண்டோரா போட்டுவிட்டு, பன்னிரண்டு மூட்டை வண்டிக்கு மாலை போட்டால், அறிவிப்பை நம்பிச் சின்ன வண்டி கொண்டுவந்தவன் ஏமாளியா?

ஒரு முக்கியத் தேவையை முழுமையாக நிறைவேற்றிவிட்டதாகப் போயிங்கிடம் சொன்னார்கள். பிறகு, இல்லை என்று தாங்களே முடிவை மாற்றிக்கொண்டார்கள். அதைப் போயிங்குக்குத் தெரிவிக்கவில்லை. அதே விஷயத்தில் நார்த்ரப்போடு மட்டும் பேச்சு நடந்துகொண்டிருந்தது!

பராமரிப்புப் பட்டறை வசதியைக் குறித்த காலத்துக்குள் அமைத்துத் தரவேண்டும் என்பது நிபந்தனை. அதற்கு நார்த்ரப் உடன்படவில்லை. நிபந்தனையை ஏற்காதவரை நிராகரிக்க வேண்டாமா? அதை வெறும் அலுவலகக் கவனப்பிசகு என்று சொல்லி மூடிவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கணக்கு! விமானங்களின் ஆயுட்காலச் செலவு இருவருக்கும் சுமார் 10,800 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். அதில் நார்த்ரப்பின் செலவு 3 கோடியே 40 லட்சம் டாலர் குறைவு என்றார்கள். முறையீட்டு விசாரணையின்போது கணக்கிலே பிழைகள் இருப்பதை விமானப்படையே ஒப்புக்கொண்டது. பிழையைத் திருத்திப் பார்த்தால், குறைந்த செலவுக்காரர் போயிங்!

கேள்வி கேட்கும் உரிமை இல்லாதிருந்தால், இந்தத் தப்புக் கணக்குகள் கோப்புகளுக்குள்ளேயே உறங்கிப் போயிருக்குமல்லவா?

நாம் போயிங்குக்காக வக்காலத்து வாங்கவில்லை. நமக்குப் போயிங் மாமனும் அல்ல, நார்த்ரப் மச்சானும் அல்ல. போயிங்கின் பழைய கதையும் ஊரறிந்ததுதான். இதே வேலைக்காகப் போயிங்கிடம் 100 விமானங்களைக் குத்தகைக்கு எடுக்க முன்பு ஒரு திட்டம் இருந்தது. விமானப்படையின் சார்பில் பேரம் பேசிய டார்லீன் ட்ருயுன் என்ற உயர் அதிகாரி, அதே போயிங்கில் தமக்கு உத்தியோகமும் பேசிக்கொண்டார். 2004-ல் அவருக்கு 9 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. குத்தகைத் திட்டமும் குப்பைக்குப் போயிற்று. ஆனால், நேற்றுத் தவறு செய்தவனுக்கு இன்று நியாயம் கேட்க உரிமை இல்லை என்று சொல்ல முடியுமா? கேட்பவன் யார் என்பதல்ல பிரச்னை. கேட்பது சரியா என்பதே பிரச்னை. எந்த விமானம் சிறந்தது என்று அந்த அலுவலகமும் தீர்ப்புச் சொல்லவில்லை. நீங்கள் எழுதிய விதியை நீங்களே மீறியிருக்கிறீர்கள் என்றுதான் சொன்னது.

"இப்படி ஆளாளுக்கு முறையிட்டால் ராணுவம் என்னாவது? காலதாமதம் ஆகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. தாமதம் ஆகத்தான் செய்தது. அதை நாம் மறைக்கவில்லை. 2008 செப்டம்பரில் அந்த டெண்டரே ரத்தாயிற்று. 2010-ல் புதிய டெண்டர் வந்தது. இம்முறை நிறைவேற்றியே தீரவேண்டிய 372 தேவைகளைப் பட்டியலிட்டார்கள். நார்த்ரப் விலகிக்கொள்ள, ஈ.ஏ.டி.எஸ். தனியாக நின்றது. 2011 பிப்ரவரியில் போயிங் வென்றது. தோற்ற ஈ.ஏ.டி.எஸ். முறையிடவில்லை. விதி தெளிவாக இருந்தால் வாதத்துக்கு இடம் குறையும் என்பதற்கு இது சான்று.

அதோடு கதை சுபமாக முடிந்துவிடவில்லை. வென்ற போயிங், முதல் விமானத்தை 2019 ஜனவரியில்தான் ஒப்படைத்தது. 2017-க்குள்ளேயே 18 விமானங்கள் வந்திருக்க வேண்டும்! வந்தவற்றிலும் எரிபொருள் ஊட்டுவதைப் பார்க்க உதவும் காமிராக் கருவியில் கோளாறு. ஆனால், விலை முன்கூட்டியே கட்டப்பட்டிருந்ததால், நூற்றுக்கணக்கான கோடி டாலர் நட்டத்தைப் போயிங்கே தலையில் சுமக்க நேர்ந்தது. இதிலிருந்து என்ன தெரிகிறது? நேர்மையான மதிப்பீடு நல்ல ஒப்பந்தத்துக்கு முதற்படி. கடைசிப் படி அல்ல. ஒப்பந்தம் முடிந்த பிறகும் கண்காணிப்பு வேண்டும்.

ஆகவே, தாமதத்துக்குக் கேள்வி கேட்டவன் காரணமல்ல. கேள்விக்கு இடம் வைத்த மதிப்பீடே காரணம். கள்ளக் கணக்கைக் காட்டிக்கொடுத்தவனைப் பார்த்து, "உன்னால்தான் கடை திறக்க நேரமாயிற்று" என்று கோபிப்பது என்ன நியாயம்?

எந்த நாட்டு அரசாங்கமாயினும், எந்தக் கட்சி ஆட்சியாயினும், நாம் கேட்பது இவ்வளவுதான். விதியை முதலில் எழுதுங்கள். எழுதிய விதிப்படியே அளந்து பாருங்கள். ஏன் இவருக்குக் கொடுத்தோம், ஏன் அவருக்குக் கொடுக்கவில்லை என்பதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அந்தக் காகிதத்தைப் பார்க்க, உங்கள் இலாகாவுக்குக் கைகட்டி நிற்காத ஒருவருக்கு அதிகாரம் கொடுங்கள்.

போர் விமானம் பறக்கும் பாதை ரகசியமாக இருக்கட்டும். அதை வாங்கிய கணக்கு எதற்காக ரகசியமாக இருக்க வேண்டும்? மக்களின் பணத்தில் பேரம் பேசுகிறீர்கள். துண்டை எடுத்துவிட்டுப் பேசுங்கள்!