கடையில் சாப்பிடுமுன் விலை கேட்பது வெட்கமல்ல

சிரம்பான் நகரை ஒட்டிய ரஹாங்கில் கணவனும் மனைவியும் சேர்ந்து கடையில் சாப்பிடுவது இப்போது விசேஷ நாள் சமாச்சாரம் அல்ல. காலையில் மாமாக் கடையில் ரொட்டி சானாய், ஞாயிற்றுக்கிழமை மதியம் வாழையிலைச் சோறு, வேலை முடிந்து களைத்து வரும் இரவில் ஒரு பொட்டலம் மீ கோரெங் என்று அது அன்றாட வாழ்க்கையோடு கலந்துவிட்டது.

ஒரு பழக்கம் மட்டும் மாறவில்லை. சாப்பிடுமுன் விலை கேட்க நம்மில் பலர் இன்னும் கூச்சப்படுகிறோம். கல்லாவில் தொகையைச் சொன்னதும் முகம் மாறும். அங்கே ஒன்றும் பேசாமல் கட்டிவிட்டு வெளியே வந்த பிறகு, "அந்த மீனை யார் எடுக்கச் சொன்னது?" என்று கணவன் மனைவிக்குள் வாக்குவாதம் தொடங்கும். கடையிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வீட்டுச் சண்டையாக முடிகிறது.

விலை கேட்பது பயனீட்டாளரின் உரிமை. அதைக் காட்டி வைப்பது கடைக்காரரின் கடமை. இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது?

நம் பெற்றோர், தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்துத் தம்பதிகள் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டது குறைவு. விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும். அதற்கும் முன்பே பெண்கள் எழுந்து சமைத்துக் கட்டிக்கொண்டு, கணவனோடு சேர்ந்து பால் மரம் வெட்டப் போனார்கள். நகரத்துக் கடையில் தோசையும் காப்பியும் சாப்பிடுவது சம்பள நாளிலோ திருவிழாவிலோ கிடைக்கும் ஒரு சிறிய மகிழ்ச்சி.

தோட்டத்து மளிகைக் கடையில் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில்தான் நடந்தது. சாமான் வாங்கும்போது கடைக்காரர் எழுதிக்கொள்வார். சம்பளம் வந்ததும் கட்டுவார்கள். கடன் கொடுப்பவரிடம் விலை பேசினால் அடுத்த மாதம் கடன் கிடைக்குமோ என்ற பயம் இருந்தது. விலை கேட்டால் 'கையில் காசு இல்லாதவர்' என்று நினைத்துவிடுவார்கள் என்ற எண்ணத்தின் வேர் அங்கே இருக்கலாம்.

இன்று நிலைமை வேறு. நெகிரி செம்பிலானில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பல நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டத்துப் பிள்ளைகள் செனாவாங், நீலாய் தொழிற்சாலைகளிலும் சிரம்பான் அலுவலகங்களிலும் வேலை பார்க்கிறார்கள். கணவன் மனைவி இருவரும் வேலை முடிந்து இரவு ஏழு மணிக்கு வீடு திரும்பினால், அதற்குப் பிறகு யார் அடுப்படியில் நிற்பது? வாரத்தில் இரண்டு நாள் கடையில் சாப்பிடுவதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது. முழுநாள் உழைத்துவிட்டு வரும் பெண்ணுக்கு அது ஓய்வு.

அந்த ஓய்வுக்கு விலை உண்டு. ஒரு தடவைக்கு இருவருக்கும் 25 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வாரம் இரண்டு தடவை என்றால் மாதம் 200 வெள்ளிக்கு மேல், ஆண்டுக்கு 2,600 வெள்ளி. குறைந்தபட்ச சம்பளமான 1,700 வெள்ளியை இருவரும் வாங்கும் குடும்பத்தில், மாத வருமானத்தில் ஏறக்குறைய 6 விழுக்காடு இதற்கே போகிறது. தெரிந்து செலவு செய்தால் பரவாயில்லை. தெரியாமல் போவதுதான் வலிக்கிறது.

விலை எங்கே கூடுகிறது?

ரொட்டி சானாய், தோசை போன்றவற்றில் ஏமாற்றம் குறைவு. எல்லாருக்கும் விலை தெரியும். கண் பார்வையில் விலை போடும் இடங்களில்தான் கவனம் வேண்டும். நாசி சம்பூர் கடையில் நாமே எடுத்துப் போட்டுக்கொள்கிறோம். தட்டைப் பார்த்து ஒருவர் தொகை சொல்கிறார். அதே தட்டுக்கு இன்று ஒரு விலை, நாளை ஒரு விலை என்று ஆவது இப்படித்தான்.

வாழையிலைக் கடையில் சோறு, காய்கறி, ரசம், அப்பளம் எல்லாம் சேர்ந்து ஒரு விலை. பெரும்பாலான கடைகளில் சோறும் காயும் மறுபடி கேட்டால் போடுவார்கள். தட்டில் ஏந்தி மேசைக்குக் கொண்டுவரும் பொரித்த மீன், கணவாய், ஆட்டிறைச்சி வறுவல் எல்லாம் தனிக் கணக்கு. "வைக்கட்டுமா?" என்று கேட்டதும் நாம் தலையாட்டிவிடுகிறோம். அந்த நேரத்தில் "அண்ணே, இது எவ்வளவு?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பரிமாறுபவர் தமிழ் தெரியாத அந்நியத் தொழிலாளி என்றால் "பெராப்பா?" என்று கேளுங்கள்.

மீன் தலைக் கறியும் இறாலும் பெரும்பாலும் அளவையோ எடையையோ பொறுத்து விலை மாறும். பட்டியலில் விலை இல்லாமல் 'அன்றைய விலை' என்று இருந்தால், சமைக்கச் சொல்லுமுன் தொகையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சமைத்துக் கொண்டுவந்து வைத்த பிறகு பேச இடமில்லை.

தண்ணியையும் மறக்கக் கூடாது. உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வியே "தண்ணி என்ன?" என்பதுதான். இரண்டு ஐஸ் மிலோவின் விலை சில கடைகளில் சாப்பாட்டு விலையை எட்டிப் பிடிக்கும். வெறும் தண்ணீருக்கும் காசு வாங்கும் கடைகள் உண்டு.

ரசீதில் என்ன இருக்கிறது?

ரசீதில் சாப்பாட்டு விலைக்குக் கீழே இரண்டு வரிகள் வரலாம். இரண்டும் ஒன்றல்ல.

முதலாவது சேவை வரி. இது அரசாங்கத்துக்குப் போவது. 2018 செப்டம்பர் 1-ஆம் தேதி எஸ்எஸ்டி திரும்ப வந்ததிலிருந்து, ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டும் உணவகங்கள் இதற்குப் பதிவு செய்து 6 விழுக்காடு வசூலிக்க வேண்டும். 2024 மார்ச் 1-ஆம் தேதி பல சேவைகளுக்கு வரி 8 விழுக்காடாக உயர்ந்தபோதும், உணவு பானங்களுக்கு 6 விழுக்காடே நீடித்தது. 40 வெள்ளிச் சாப்பாட்டுக்கு இது 2 வெள்ளி 40 சென். பதிவு செய்யாத சிறிய கடை இந்த வரியை வசூலிக்க முடியாது. சந்தேகம் வந்தால் ரசீதில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது சேவைக் கட்டணம். பல இடங்களில் இது 10 விழுக்காடு. இது வரி அல்ல. கடை தானாக விதிப்பது. சாதாரண மாமாக் கடையிலும் வாழையிலைக் கடையிலும் இதை அதிகம் பார்க்க முடியாது. குளிர்சாதன உணவகங்களில் உண்டு. விதிக்கிறார்கள் என்றால் சாப்பிடுமுன்பே நமக்குத் தெரியும்படி எழுதி வைத்திருக்க வேண்டும்.

கடைசியில் சில சென் கூடியோ குறைந்தோ இருந்தால் அது மோசடி அல்ல. 2008 ஏப்ரல் 1 முதல் மொத்தத் தொகையை 5 சென்னுக்கு நெருக்கமாக மாற்றும் முறை நடப்பில் இருக்கிறது. 12 வெள்ளி 42 சென் என்றால் 12 வெள்ளி 40 சென். 12 வெள்ளி 43 சென் என்றால் 12 வெள்ளி 45 சென்.

விலை மட்டுமல்ல, உள்ளே என்ன என்பதையும் கேளுங்கள்

கணவன் எல்லாம் சாப்பிடுவார். மனைவி வெள்ளிக்கிழமை சைவம். நம் வீடுகளில் இது சகஜம். ஒரே மேசையில் இருவரும் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்றால் சில வார்த்தைகள் தெரிந்திருக்க வேண்டும்.

மலாய்க் கடையில் 'டாகிங்' என்றால் பொதுவாக மாட்டிறைச்சி. ஆட்டிறைச்சி 'காம்பிங்'. நெகிரி செம்பிலானின் பெயர்பெற்ற மாசாக் லெமாக் சிலி அப்பியில் கோழி, மீன் போடுவார்கள். புகையில் வாட்டிய மாட்டிறைச்சியான 'டாகிங் சாலாய்' போட்டும் சமைப்பார்கள். மஞ்சள் குழம்பைப் பார்த்து எல்லாம் ஒன்றென்று எடுத்துவிடக் கூடாது. சிரம்பானின் புகழ்பெற்ற மாட்டிறைச்சி மீ பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது குழம்பு. மாமாக் கடையில் ஒன்றும் சொல்லாவிட்டால் பருப்பின் மேல் கோழி அல்லது மீன் குழம்பையும் கலந்து ஊற்றிவிடுவார்கள். "டால் மட்டும்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கங்கோங் கீரையில் பெலாச்சானும், சீனர் கடைக் காய்கறியில் சிப்பிச் சாறும் இருக்கலாம். காய்கறி என்பதால் மட்டும் அது சைவமாகிவிடாது.

இன்னொன்று சீனி. 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் வயது வந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. மற்ற பெரிய இனங்களைவிட இது அதிகம். தே தாரேக்கில் சேரும் கெட்டிப்பாலே இனிப்புதான். "கூராங் மானிஸ்" என்றால் இனிப்பைக் குறைப்பார்கள். "தே ஓ கோசோங்" என்றால் பாலும் சீனியும் இல்லாத தேநீர் வரும். இதைச் சொல்லக் காசு கூடாது. கணவருக்கு மனைவியும் மனைவிக்குக் கணவரும் நினைவூட்டினால் இன்னும் நல்லது.

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு

விலை ஏறினாலே கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. 2023 நவம்பர் 1-ஆம் தேதி கோழிக்கான உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் நின்றன. 2025 ஆகஸ்டு 1-ஆம் தேதி முட்டைக்கான உதவித்தொகை முடிந்தது. அதே நாளில் ஐந்து பேருக்கும் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் சிறிய கடைகளும் 1,700 வெள்ளி குறைந்தபட்ச சம்பளம் கொடுக்க வேண்டிய நிலை வந்தது. பெரிய கடைகளுக்கு அது பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டது. வாடகை, எரிவாயு, ஆள் பற்றாக்குறை எல்லாம் சேர்ந்து தட்டின் விலையில்தான் வந்து விழுகின்றன.

மலிவாக ஒரு வேளை தேவைப்படுவோருக்கு 'மெனு ரஹ்மா' 2023 ஜனவரி 31-ஆம் தேதி தொடங்கப்பட்டது. அப்போதைய அமைச்சர் சலாஹுடின் அயூப் தொடங்கிவைத்த இத்திட்டத்தில், சேர்ந்த கடைகள் 5 வெள்ளிக்கு மேற்போகாத விலையில் ஒரு வேளைச் சாப்பாடு கொடுக்கின்றன. அறிவிப்பு ஒட்டியிருந்தால் தயங்காமல் கேளுங்கள். அது தர்மச் சோறு அல்ல. பட்டியலில் உள்ள சாப்பாடு.

நேர்மையான கடைக்காரருக்கு விலைப் பட்டியல் பாதுகாப்புதான். விலையை முன்பே சொல்லிவிட்டால் கல்லாவில் வம்பு வராது. வந்த தம்பதி மறுபடியும் வருவார்கள்.

ஏமாந்துவிட்டோம் என்று தோன்றினால்

முதலில் ரசீது கேளுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி விலை எழுதித் தரச் சொல்லுங்கள். பல நேரங்களில் கணக்குப் பிழை அங்கேயே தெரிந்துவிடும். சத்தம் போடாமல் திருத்திக்கொள்ளலாம். விலைப் பலகை இல்லையென்றால் அதையும் தட்டையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

அதற்கும் சரிவரவில்லை என்றால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் 1800-886-800 என்ற எண்ணில் புகார் செய்யலாம். 2011-ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொள்ளை இலாபம் அடித்தது நிரூபிக்கப்பட்டால், தனிநபருக்கு 1 லட்சம் வெள்ளி வரை அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நிறுவனம் என்றால் அபராதம் 5 லட்சம் வெள்ளி வரை போகும்.

பணத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. சாதாரண வாழையிலைச் சாப்பாட்டுக்கு அங்கே போக வேண்டியிருக்காது. ஆனால் பிறந்தநாள் விருந்துக்கு முன்பணம் கட்டி ஏமாந்தவர்களுக்கு இது உதவும்.

சுத்தம் பற்றிய புகார் என்றால் சிரம்பான் மாநகர் மன்றத்திடம் போகலாம். கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் ஏ, பி, சி என்ற தரச் சான்றிதழை உட்காருமுன் ஒரு தடவை பாருங்கள். 2019 ஜனவரி 1 முதல் திறந்தவெளி மேசைகள் உட்பட எல்லா உணவகங்களிலும் புகைபிடிக்கத் தடை இருக்கிறது. கர்ப்பிணி மனைவியோடு போகிறவர் பக்கத்து மேசைப் புகையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வீட்டிலேயே பேசிக்கொள்ளுங்கள்

கடைக்குக் கிளம்புமுன் இன்று எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்று கணவன் மனைவி இருவரும் பேசி வைத்துக்கொள்வது நல்லது. ஒருவர் மட்டும் கணக்குப் பார்த்து, மற்றவர் மட்டும் ஆசைப்பட்டுக் கேட்பது என்று இருந்தால் வருத்தம்தான் மிஞ்சும். தொகை இருவருக்கும் தெரிந்திருந்தால் மனைவி கேட்கும் மீனைக் கணவர் மறுக்க வேண்டியிருக்காது. அன்று ஐஸ் மிலோவை விட்டுவிட்டு வெறும் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம்.

பெரட்டுக்குப் போய் உழைத்த தலைமுறை கணக்குப் புத்தகத்தில் எழுதிய விலையை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று கையில் நம் காசு, சுவரில் விலைப் பலகை, பின்னால் சட்டம் மூன்றும் இருக்கின்றன. அடுத்த தடவை மீன் தட்டு மேசைக்கு வரும்போது, தலையாட்டுமுன் விலையைக் கேளுங்கள்.