களைத்த இதயத்திற்குக் கசையடியா?

இக்கட்டுரையைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் இதயம் ஏறத்தாழ 200 முறை துடித்திருக்கும். ஒரு நாளில் சுமார் 1,00,000 முறை! தாயின் கருவறையில் தொடங்கிய இவ்வுழைப்பு, வல்ல அல்லாஹ் நாடிய தவணை வரும்வரை ஓய்வதில்லை. இதற்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று சிந்தித்ததுண்டா?

இதயத் தசையின் ஒவ்வோர் உயிரணுவிலும் 'மைட்டோகாண்ட்ரியா' எனப்படும் நுண்ணுறுப்புகள் ஆயிரக்கணக்கில் நிறைந்துள்ளன. உயிரணுவின் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவற்றுக்கே உரியது. கொழுப்பையும் சர்க்கரையையும் பிராணவாயுவின் துணையால் எரித்து, 'ஏ.டி.பி.' என்னும் ஆற்றல் பொருளாக்குவது இவற்றின் பணி. இதயம் நாள்தோறும் ஆக்கிச் செலவிடும் ஏ.டி.பி.யின் எடை சுமார் 6 கிலோ. கையிருப்போ சில விநாடிகளுக்கே போதுமானது. படைத்தவனின் ஏற்பாடு எத்துணை நுட்பமானது!

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோவது என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வாறன்று. உடலுக்குத் தேவையான இரத்தத்தை இறைக்க இயலாமல் இதயம் தளர்வதே அது. மாரடைப்பு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியன இதற்கு வழிவகுக்கின்றன. இத்தளர்ச்சியில் மைட்டோகாண்ட்ரியாவும் பழுதடைகிறது. அதன் உட்சவ்வைக் கட்டிக்காக்கும் 'கார்டியோலிப்பின்' என்னும் கொழுப்பு சிதைகிறது. ஆற்றல் உற்பத்தி குறைகிறது. தீங்கு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, சேதத்தை மேலும் வளர்க்கின்றன.

தளர்ந்த இதயத்தை முடுக்கிவிட்டால் போதும் என்று மருத்துவ உலகம் ஒரு காலத்தில் கருதியது. 'மில்ரினோன்' மாத்திரையை 1,088 நோயாளிகளிடம் சோதித்தபோது, அதை உட்கொண்டோரிடையே மரணம் 28 விழுக்காடு மிகுந்ததாக 1991-இல் தெரியவந்தது. களைத்த மாட்டைக் கசையால் அடித்த கதைதான்! மாறாக, இதயத்தின் சுமையைக் குறைக்கும் 'பீட்டா பிளாக்கர்' போன்ற மருந்துகள் ஆயுளை நீட்டித்தன.

சுமையைக் குறைப்பதோடு, ஆற்றல் பிறக்குமிடத்தையே காக்க முடியுமா என்பது இன்றைய ஆய்வு. கார்டியோலிப்பினைப் பற்றி நின்று காக்கும் 'எலமிப்ரெடைட்' என்னும் மருந்து, பிறவியிலேயே கார்டியோலிப்பின் குறைபாடுடைய 'பார்த்' நோய்க்கு 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் சாதாரண இதயச் செயலிழப்புள்ள 71 பேருக்கு 4 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை என 2020-இல் வெளியாயிற்று. 'கோஎன்சைம் கியூ 10' பற்றிய 420 நோயாளிகளின் ஆய்வு 2014-இல் நம்பிக்கையூட்டியது. எனினும் அது வழக்கமான மருந்துகளுக்கு மாற்றாகாது.

ஆகவே, அன்புச் சகோதர சகோதரிகளே! உங்கள் வீட்டில் வாப்பாவோ உம்மாவோ இந்நோயால் அவதியுற்றால், "இதயத்திற்குச் சக்தி தரும்" என்ற விளம்பரத்தை நம்பி மருத்துவர் தந்த மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றின் உப்பைக் குறையுங்கள். கால் வீக்கம், படுத்தால் மூச்சுத்திணறல், சில நாட்களில் எடை கூடுதல் ஆகியவற்றைக் கண்டால் தாமதியாமல் மருத்துவரை நாடுங்கள். ரமளானுக்கு முன்பே நோன்பு பற்றி அவரிடம் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையும் இறைவனின் அருளே.

களைத்தவர்க்குத் தேவை கசையடியன்று, கனிவு. இதயத்திற்கும் அதுவே பொருந்தும்.